உப்பு ஏறாத கிணறு

கட்டியின் வரலாறு – 9

மீஞ்சூரில் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில் ஒரு உறைக்கிணறு இருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்த நாளாக அதிலிருந்து யாரும் குடிக்க எடுத்ததில்லை. பாத்திரம் துலக்கலாம், வாசல் தெளிக்கலாம். அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது. தலைக்கு ஊற்றினால் முடி கயிறு கயிறாகத் திரிந்துகொள்ளும். பாட்டி வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் குடத்தோடு வந்து இறைத்துக்கொண்டு போவார்களாம். அத்தனை தித்திப்பு. அது ஒரே வருஷத்தில் உப்பாகிவிடவில்லை. முதலில் கோடையில் மட்டும் லேசாகக் கரித்தது. ஐப்பசி மழையில் சரியானது. அடுத்த கோடையில் இன்னும் கொஞ்சம் கரித்தது. எந்த நாளில் அது குடிக்க முடியாத கிணறாயிற்று என்று கேட்டால் பாட்டிக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஆரணியாறும் கொசஸ்தலையாறும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணலுக்கடியில் நல்ல தண்ணீர் தேங்கிக் கிடந்தது. 1960களில் ஆய்வு நடத்தி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பக்கமெல்லாம் வரிசையாக ஆழ்குழாய்க் கிணறுகள் போட்டார்கள். சென்னை நகரத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளுக்கும் தண்ணீர் போனது. வயல் மோட்டார்களும் ஓடின. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்துக்கடியில் கடல்நீர் நுழைந்திருப்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. பிறகு வருஷம் போகப் போக அது மேற்கே நகர்ந்தது. 2010 இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் திறந்தார்கள். அதையும் மீஞ்சூர் நிலையம் என்றே சொல்கிறோம்.

தாத்தா இதைப் பற்றிப் பேசும்போது கடலைக் குறை சொல்லமாட்டார். "கடலு எப்பவும் அங்கியேதாம்மா இருந்துச்சு. அத தள்ளி நிறுத்தினிருந்த நல்ல தண்ணிய நாம எறைச்சிட்டோம்" என்பார். நிலநீர் படித்தவர்கள் சொல்வதும் அதுதான். உப்புநீர் கனமானது, நல்ல நீர் லேசானது. நிலத்தடியில் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், அதன் அழுத்தம் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடி வரை உப்புநீரைத் தள்ளி வைக்கும். அந்த 1 அடி போனால் 40 அடியும் போகும்.

போன வாரம் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட்டோடு நிறுத்தியிருந்தேன். மார்பகப் புற்றுக்கு, 1894 இல் அவர் எழுதிவைத்த முறைப்படி மார்பையும் அதன் கீழிருக்கும் தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் ஒன்றாக வெட்டி எடுப்பதே அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு உலகத்தின் வழக்கமாயிற்று. அந்தக் கத்தியின் கதையில் ஒரு கேள்வி பாக்கியிருக்கிறது. கட்டி கைக்குத் தட்டுப்படுவதற்கு முன்னால் மார்புக்குள் என்ன நடக்கிறது? புற்று எந்த இடத்தில் புற்றாகிறது? இந்த வாரம் எழுத உட்கார்ந்தபோது எனக்குப் பாட்டி வீட்டுக் கிணறுதான் கண்முன் வந்தது.

அந்த இடத்தை ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு மருத்துவக் கல்லூரியின் நோய்க்குறியியல் துறையில், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய நுண்ணோக்கியில், பேராசிரியை ஒருவர் எனக்காகக் கண்ணாடித் தகடுகளை ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினார். சாயம் ஏற்றிய சதை. நார்ப்பகுதி ரோஜா நிறம், செல்களின் உட்கரு கத்தரிப்பூ நிறம். பால் நாளத்தைக் குறுக்கே அறுத்தால் வளையல் மாதிரி தெரிகிறது. வளையலுக்கு இரண்டு வரிசை. உள்வரிசை, பால் சுரக்கவும் கடத்தவும் ஆன செல்கள். வெளிவரிசை, தட்டையான, தசை போலச் சுருங்கக்கூடிய செல்கள். குழந்தை வாய் வைத்து இழுக்கும்போது நாளத்தைப் பிழிந்து பாலைத் தள்ளுபவை. அந்த வெளிவரிசையையும் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அடிச்சவ்வு என்கிறார்கள். சவ்வுக்கு அந்தப்பக்கம்தான் ரத்தக்குழாய், நிணநீர்க்குழாய், உடம்பின் மற்ற எல்லா இடங்களுக்கும் போகிற வழி.

"இது இயல்பு" என்றார். அடுத்த தகட்டில் வளையலின் உள்பக்கம் செல்கள் பெருகி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மீஞ்சூர் ரயிலடியில் காலை வண்டிக்கு நிற்கிற கூட்டத்தைப் போல: பெரியது, சிறியது, சாய்ந்தது, குறுக்கே நுழைந்தது. நடுவில் கோணல்மாணலான சந்துகள். "பயப்பட வேண்டாம். வயசுக்கு வந்த மார்பில் இது சாதாரணம்" என்றார். மூன்றாவது தகட்டை வைத்தபோது எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கூட்டம் போய், எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே உயரம், ஒரே ஜாடை, ஒரே இடைவெளி. நடுவில் தேன்குழல் அச்சு வில்லையில் இருப்பது போல வட்டவட்டமாக ஓட்டைகள். ஒரு தாய் செல் பெற்ற பிள்ளைகளே அந்த நாளத்தை நிரப்ப ஆரம்பித்திருக்கின்றன. ஏடிபிகல் ஹைப்பர்பிளேசியா, இயல்பு பிறழ்ந்த பெருக்கம். நான்காவதில் இதே செல்கள் நாளத்தை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தன. டி.சி.ஐ.எஸ்., நாளத்துக்குள்ளேயே தங்கிய புற்று. நடுவில் இருந்தவை செத்துக் கூழாகியிருந்தன. "இங்கே ரத்தக்குழாய் கிடையாது பாருங்கள். ரத்தம் சவ்வுக்கு வெளியே. அங்கிருந்து ஆக்சிஜன் கொஞ்ச தூரம்தான் கசியும். நடுவில் இருப்பதற்குக் கிடைக்காது" என்றார் பேராசிரியை.

அந்த நான்காவது தகட்டில் கூட, கூழைச் சுற்றி, அந்த அடிச்சவ்வு ஒரு வேலி போல முழுசாக இருந்தது.

இந்த வேலியை முதலில் பெயர் சொல்லி மதித்தவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையிலிருந்த ஆல்பர்ட் பிராடர்ஸ். 1932 இல், பார்வைக்குப் புற்று போலவே இருந்தும் சவ்வைத் தாண்டாத செல்களுக்கு 'இருந்த இடத்திலேயே இருக்கும் புற்று' என்ற பொருளில் 'கார்சினோமா இன் சிட்டு' என்று பெயர் கொடுத்தார். ஏறக்குறைய அதே காலத்தில் ஹால்ஸ்டெட்டின் சீடர் ஜோசப் பிளட்குட், அடைபட்ட நாளங்களை அமுக்கினால் முகப்பருவிலிருந்து வருவது போலக் கூழ் வருவதைக் கண்டு அதற்கும் ஒரு பெயர் வைத்தார். 1941 இல் நியூயார்க்கின் மெமோரியல் மருத்துவமனையில் ஃபூட், ஸ்டூவர்ட் இருவரும் பால் சுரக்கும் மடல்களுக்குள் தங்கிய இன்னொரு வகையை விவரித்தார்கள்.

பிராடர்ஸ் வைத்த பெயரில் 'புற்று' என்ற சொல் இருந்ததற்குப் பெண்கள் பெரிய விலை கொடுத்தார்கள் என்றே நினைக்கிறேன். வேலி தாண்டாததற்கும் தாண்டியதற்கும் ஒரே வைத்தியம் என்றானது. பல பத்தாண்டுகள், நாளத்துக்குள் ஒரு திட்டு இருந்த பெண்ணுக்கும் முழு மார்பும் போனது. சொல் முந்திக்கொண்டது; அந்தத் திட்டு என்ன செய்யும், எத்தனை காலத்தில் செய்யும் என்ற அறிவு பின்னால்தான் வந்தது. வந்து சேர ஐம்பது வருஷம் ஆயிற்று.

கைக்கே தட்டுப்படாத இந்தத் திட்டுகளை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அதற்கு பெர்லினுக்குப் போகவேண்டும். ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், வெட்டி எடுத்த சுமார் 3,000 மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்து, அந்தப் படத்தையும் நுண்ணோக்கியில் தெரிந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சில படங்களில் சின்னஞ்சிறு புள்ளிகள். செத்த செல்களின் மேல் படிந்த சுண்ணாம்பு அது. 1913 இல் அதை வெளியிட்டார். உயிரோடிருக்கும் பெண்ணுக்கு அதை எடுத்துப் பார்க்கலாம் என்ற அடுத்த அடியை அவர் வைக்கவில்லை. யூதர் என்பதால் நாஜிகள் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், முகாமில் அடைத்தார்கள். அவர் தப்பிப் பிழைத்தார். அவருடைய ஒரே மகள், ஓவியர் சார்லட் சாலமன், 1943 இல் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அப்போது வயிற்றில் ஐந்து மாதம். மார்பை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராம் அறையைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அப்பாவின் நினைப்பு வரும். அந்த இயந்திரத்தின் முதல் வரியை எழுதிய கை அவருடையது.

சாலமன் விட்ட இடத்தை உருகுவே நாட்டின் மான்டிவிடியோவில் ரவுல் லெபோர்ன் எடுத்துக்கொண்டார். மார்பை அமுக்கிப் பிடித்து எடுத்தால் படம் தெளியும் என்று கண்டார். புற்றுள்ள மார்பில் தெரிந்த சுண்ணாம்புப் புள்ளிகளை அவர் பொடி உப்போடு ஒப்பிட்டார். 1960 இல் அமெரிக்காவில் ஹூஸ்டனின் ராபர்ட் ஈகன் எல்லோரும் பின்பற்றக்கூடிய எக்ஸ்ரே முறையைக் கொடுத்தார். 1963 இல் நியூயார்க்கில் ஏறத்தாழ 62,000 பெண்களை வைத்துப் பெரும் ஆய்வு தொடங்கியது. அதன்பின் மேற்கு நாடுகளில் கணக்கே மாறியது. மேமோகிராம் பரவுவதற்கு முன்னால் அமெரிக்காவில் புதிதாகக் கண்டறிந்த மார்பகப் புற்றில் டி.சி.ஐ.எஸ். ஒரு சிறு துளி. பரவிய பிறகு ஏறக்குறைய ஐந்தில் ஒன்று.

நம் பக்கம் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது?

1923 இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை சுந்தரி மலக்குடல் புற்றில் இறந்தார். முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். அந்தச் சாவு முத்துலட்சுமி அம்மையாரின் மனதில் முப்பது வருஷம் இருந்தது. 1935 இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று ஒரு மருத்துவமனை வேண்டும் என்று கேட்டார். தீராத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்றவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் பணம் திரட்டி, 1952 இல் நேருவைக் கொண்டு அடிக்கல் நாட்டவைத்து, 1954 ஜூன் 18 அன்று அடையாறில் 12 படுக்கைகளோடு திறந்தார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மா ஆஸ்பத்திரி வளாகத்திலேயே குடியிருந்து, 2021 ஜனவரியில் மறைந்தார்.

அடையாறுக்கு வந்த பெண்களில் நாளத்துக்குள் தங்கிய திட்டோடு வந்தவர்கள் மிகமிகக் குறைவு. கை நிறையக் கட்டி, தோல் சிவந்து, சில சமயம் உடைந்து ஒழுகும் நிலையில்தான் வந்தார்கள். வலி இல்லையே என்று இருந்திருப்பார்கள். வீட்டில் சொல்லக் கூச்சம். நாட்டுமருந்துப் பற்று போட்டிருப்பார்கள். அதனால் அடையாறின் உழைப்பு முழுக்க, முற்றிய கட்டியை முதலில் மருந்தாலும் கதிராலும் சுருக்கி, பிறகு அறுத்து, பெண்ணை வீட்டுக்கு உயிரோடு அனுப்புவதில் போயிற்று. அங்கே நியூயார்க்கில் மருத்துவர்கள் பொடி உப்பை எண்ணிக்கொண்டிருந்த அதே வருஷங்களில் இது. இரண்டு ஊர்ப் பெண்களும் பட்டார்கள். அங்கே, தாண்டாத வேலிக்கு மார்பைக் கொடுத்தவர்கள் இருந்தார்கள். இங்கே, வேலி எப்போதோ உடைந்துபோன பிறகு வந்து சேர்ந்தவர்கள். 1982 இல் சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு தொடங்கியபோது பெண்களுக்கு முதல் எதிரி கருப்பைவாய்ப் புற்று. இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் அந்த இடத்துக்கு மார்பகப் புற்று வந்துவிட்டது. 2022க்கான உலகக் கணக்கீட்டில் இந்தியாவில் ஒரே வருஷத்தில் புதிதாக 1,92,000 பெண்கள். இறப்பு 98,000க்கு மேல்.

மறுபடி நுண்ணோக்கிக்கு வருகிறேன். 1975 இல் கலிஃபோர்னியாவில் செஃப்டன் வெல்லிங்ஸும் கூட்டாளிகளும் கிட்டத்தட்ட 200 முழு மார்பகங்களை மெல்லிய வில்லைகளாகச் சீவி, சாயமேற்றி, வரைபடம் போடுவது போலப் பார்த்தார்கள். பெரும்பாலான பிறழ்வுகள் பெரிய நாளத்தில் பிறக்கவில்லை. நாளம் போய் முடியும் கடைசி நுனியில், பால் சுரக்கும் சிறு கொத்தில் பிறக்கின்றன என்று கண்டார்கள். திராட்சைக் கொத்து காம்பில் சேரும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதாமாதம் ஹார்மோனின் ஏற்ற இறக்கத்தில் வளர்வதும் சுருங்குவதும் அந்த இடம்தான்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த வேலை. டேவிட் பேஜ் என்ற நோய்க்குறியியலாளரும் வில்லியம் டூபாண்ட் என்ற புள்ளியியலாளரும் நாஷ்வில் நகரின் மூன்று மருத்துவமனைகளில் பல வருஷங்களாகச் சேர்ந்துகிடந்த 10,366 பழைய பயாப்ஸித் தகடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். 'புற்று இல்லை' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களின் தகடுகள் அவை. அதில் 3,303 பெண்களைத் தேடிப் பிடித்து, அவர்களுக்குப் பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நடுவில் சராசரியாகப் பதினேழு வருஷம் ஓடியிருந்தது. 1985 இல் முடிவு வந்தது. அந்தப் பெண்களில் 100க்கு 70 பேருக்கு, பயாப்ஸி எடுத்த காரணத்தால் எந்தக் கூடுதல் ஆபத்தும் இல்லை. கூட்டமாகப் பெருகிய செல்கள் இருந்தவர்களுக்கு ஆபத்து மற்றவர்களைவிட 1.9 மடங்கு. ஒரே அச்சில் வார்த்த அந்த ஏடிபிகல் வகைக்கு 5.3 மடங்கு. அத்தோடு நெருங்கிய ரத்த உறவில் மார்பகப் புற்றும் இருந்தால் 11 மடங்கு. மடங்கு என்பது பயமுறுத்தும் கணக்கு. அதையே தலைக்கணக்காக மேயோ மருத்துவமனை பிறகு சொன்னது. ஏடிபிகல் இருந்த 100 பெண்களில் 25 வருஷத்தில் புற்று வந்தவர்கள் ஏறக்குறைய 30 பேர். மீதி 70 பேருக்கு வரவில்லை.

பேஜ் இன்னொன்றும் செய்தார். அந்தப் பழைய தகடுகளில், சாதாரணம் என்று தவறாக விட்டுவிட்ட 28 டி.சி.ஐ.எஸ். பெண்களைக் கண்டுபிடித்தார். மெதுவாக வளரும் வகை. பயாப்ஸியோடு சரி, வேறு வைத்தியமே நடக்கவில்லை. முப்பது வருஷம் வரை பின்தொடர்ந்ததில் 11 பேருக்கு அதே மார்பில், அதே இடத்தில் வேலி உடைந்தது. 17 பேருக்கு உடையவில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1987 இல் வெளிவந்த ஆய்வு இன்னும் திகைக்க வைத்தது. வேறு காரணங்களால் இறந்து பிரேத பரிசோதனைக்கு வந்த 110 இளம், நடுவயதுப் பெண்களின் மார்பகங்களைப் பார்த்ததில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஏதோ ஒரு புற்றுத் திட்டு. பெரும்பாலும் நாளத்துக்குள்ளேயே இருந்தது. அவர்கள் அதை அறியாமலே வாழ்ந்து முடித்திருந்தார்கள்.

சரி, ஏடிபிகல் எங்கே முடிகிறது, டி.சி.ஐ.எஸ். எங்கே தொடங்குகிறது? நிபுணர்களே அடித்துக்கொண்ட இடம் இது. பேஜ் வகுத்த அளவுகோல் பரவியது: இரண்டு நாளத்தை முழுசாக நிரப்பவேண்டும். வேறு சிலர் 2 மில்லிமீட்டர் என்றார்கள். 1991 இல் யுவான் ரோசாய், பேர்பெற்ற ஐந்து நோய்க்குறியியலாளர்களிடம் 17 தகடுகளைக் கொடுத்தார். ஒரே ஒரு தகட்டில்கூட ஐந்து பேரும் ஒரே பதில் சொல்லவில்லை. 2015 இல் அமெரிக்காவில் 115 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வேலி உடைந்த புற்றைப் பொறுத்தவரை 100க்கு 96 தடவை நிபுணர் குழுவோடு ஒத்துப்போனார்கள். ஏடிபிகல் என்று வந்தால் 48. பாட்டியால் நாள் சொல்ல முடியாததில் வியப்பே இல்லை. இரண்டாவது நிபுணரிடம் தகட்டைக் கொண்டுபோய்க் காட்டுவது டாக்டரைச் சந்தேகிப்பது ஆகாது. இந்த நோயில் அது வைத்தியத்தின் ஒரு பகுதி.

பிறகு மரபணு வந்தது. டி.சி.ஐ.எஸ்.ஸில் ஒரே ஏணியின் படிகள் இல்லை, இரண்டு தனித்தனிப் பாதைகள் இருக்கின்றன என்று தெரிந்தது. மெதுவாகப் போகும் பாதையில் 16 ஆம் குரோமோசோமின் ஒரு கை தொலைந்திருக்கும். ஹார்மோனுக்குக் கட்டுப்படும் வகை. வேகப் பாதையில் ஹெர்-2 மரபணு பல மடங்காகப் பெருகியிருப்பது அடிக்கடி தெரியும். செத்த கூழும் சுண்ணாம்பும் அங்கேதான் அதிகம். மடல் வகையில் செல்லையும் செல்லையும் ஒட்டவைக்கும் ஈ-கேடரின் என்ற பசை காணாமல் போயிருக்கும். அதனால்தான் அவை கோலி உருண்டைகள் போலத் தனித்தனியாக நிற்கின்றன.

ஆனால் வேலிக்கு உள்ளே இருக்கிற செல்லையும், வேலியைத் தாண்டி வெளியே வந்த செல்லையும் பக்கத்தில் வைத்து மரபணுவைப் படித்தால் பல நேரம் இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன. அப்படியென்றால் திறந்துவிட்டது யார்? இங்கேதான் தாத்தா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. வெளிவரிசையில் பால் பிழியும் அந்தத் தட்டையான செல்கள் வெறும் சுவராக நிற்கவில்லை. சவ்வுக்கான பொருளைச் சுரந்து அதைப் பழுதுபார்க்கின்றன, உள்ளே பெருகுவதை அடக்கும் புரதங்களையும் கொடுக்கின்றன. அவை மெலிந்து, அங்கங்கே விட்டுப்போகும்போதுதான் பிளவு விழுகிறது. சவ்வுக்கு வெளியேயிருக்கும் நார்ப்பகுதியும் மாறுகிறது. அதிலுள்ள செல்களும், நோயெதிர்க்க வந்த வெள்ளணுக்களும் சிலசமயம் சவ்வை அரிக்கும் நொதிகளைக் கொடுக்கின்றன. ஈரானில் பிறந்து அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வு செய்த மினா பிசெல் இதைப் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தார். 1997 இல் அவருடைய ஆய்வகத்தில், மார்பகப் புற்றுச் செல்களுக்கும் சுற்றியுள்ள சவ்வுப் பொருளுக்கும் நடுவிலிருந்த ஒரு பிடிமானத்தை மட்டும் மாற்றினார்கள். மரபணுவில் கை வைக்கவில்லை. தாறுமாறாகக் குவிந்திருந்த செல்கள் மறுபடி ஒழுங்கான சிறு கிண்ணங்களாக அமைந்து நின்றன. புற்றுச் செல் அங்கேயேதான் இருந்தது. சுற்றியிருந்தது சரியானதும் அது அடங்கியது.

வைத்தியம் எப்படி மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்குத் தனி அத்தியாயம் வரும். 1993 இல் பெர்னார்ட் ஃபிஷர் குழு, 818 பெண்களை வைத்து, டி.சி.ஐ.எஸ்.ஸில் திட்டை மட்டும் எடுத்துக் கதிர் கொடுத்தால் அது மறுபடி வருவது வெகுவாகக் குறைகிறது, மார்பைக் காப்பாற்றலாம் என்று காட்டியது. 1998 இல் டமாக்சிஃபென் மாத்திரை அதிக ஆபத்துள்ளவர்களுக்குப் புற்று வருவதைப் பாதியாகக் குறைத்தது. ஏடிபிகல் இருந்தவர்களுக்கு அதைவிட மிக அதிகமாக. வழக்கமான 20 மில்லிகிராமுக்குப் பதில் 5 மில்லிகிராமே போதும், மூன்று வருஷம் போதும் என்று இத்தாலியில் ஆண்ட்ரியா டிசென்சி குழு பிறகு காட்டியது. 2024 டிசம்பரில், ஆபத்துக் குறைந்த டி.சி.ஐ.எஸ். உள்ள 957 பெண்களில் பாதிப் பேரை அறுக்காமல் ஆறு மாதத்துக்கொருமுறை கண்காணித்துப் பார்த்த ஆய்வு வந்தது. இரண்டு வருஷத்தில் வேலி உடைந்தது அறுத்தவர்களில் 5.9 சதவீதம், கண்காணித்தவர்களில் 4.2 சதவீதம். இரண்டு வருஷம் இந்த நோய்க்கு மிகக் குறைந்த காலம். ஆனாலும் பிராடர்ஸ் பெயர் வைத்து 92 வருஷத்துக்குப் பிறகு, காத்திருக்கலாமா என்று ஒரு பெண்ணிடம் கேட்கும் நிலைக்கு மருத்துவம் வந்திருக்கிறது.

இந்தச் செய்தி மீஞ்சூருக்கு எப்படி வந்து சேர்கிறது? எங்கள் தெருவில் ஒரு அக்கா. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை. வயது 46. குளிக்கும்போது ஒரு கட்டி தட்டுப்பட்டது. நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு நர்ஸ் மார்பைக் கையால் பரிசோதிக்கிறார். மும்பையில் 1998 இல் தொடங்கி 1,51,000க்கு மேற்பட்ட பெண்களை இருபது வருஷம் பார்த்த டாடா ஆய்வு, பயிற்சி பெற்ற பெண்ணின் கை கட்டியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும், ஐம்பது வயது தாண்டியவர்களில் இறப்பை 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கும் என்று 2021 இல் சொன்னது. கைக்குக் கட்டிதான் தட்டுப்படும். நாளத்துக்குள் இருக்கும் திட்டு தட்டுப்படாது. அக்காவுக்கு இருந்தது சாதாரண நார்க்கட்டி. எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிப்போர்ட்டில் நார்க்கட்டி என்று போட்டு, அதற்குக் கீழே ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஏடிபிகல் டக்டல் ஹைப்பர்பிளேசியா.

ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தவர்கள் அந்த வரியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. சாமி படத்துக்குப் பின்னால் கவரை வைத்திருந்தார். ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"இது கேன்சரா இல்லியா? அத மட்டும் சொல்லு கண்ணு."

"கேன்சர் இல்லக்கா."

"அப்போ ஏன் டாக்டர் வேற பெரிய ஆஸ்பத்திரி போவ சொன்னாரு?"

நான் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கும் அந்தக் கிணறு தெரியும். தித்திப்பாக இருந்த கிணறு, ஒரு கோடையில் லேசாகக் கரிக்கிற கிணறு, முழுக்க உப்பாகிப்போன கிணறு என்று மூன்று சொன்னேன். உன்னுடையது முதல் கோடை, அதுவும் ஒரு ஓரத்தில் என்றேன். நூறு பேரில் எழுபது பேருக்கு அது அதோடு நின்றுபோகும், முப்பது பேரில் நீ இருந்தாலும் சீக்கிரம் தெரிந்துவிட, வருஷத்துக்கொருமுறை மேமோகிராம், ஆறு மாதத்துக்கொருமுறை டாக்டரின் கை என்றேன். மாத்திரை வேண்டுமா என்பதை அவரிடம் கேட்டு முடிவு செய்யச் சொன்னேன்.

அடுத்த திங்கட்கிழமை மீஞ்சூரிலிருந்து ஏழு மணி வண்டி பிடித்து இருவரும் போனோம். நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர் என்று வண்டி நின்று நின்று போக, அக்கா பிளாஸ்டிக் கவரை மடியை விட்டு இறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் தகட்டை வாங்கி மறுபடி பார்த்துவிட்டு, அதே பதிலைச் சொன்னார்கள். இந்த முறை ஒரு டாக்டரம்மா உட்காரவைத்து, தாளில் வளையல் வரைந்து, தமிழில் சொன்னார். ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். அந்தத் தாளையும் அக்கா கவருக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது, தண்டையார்பேட்டை தாண்டியதும் அக்கா கேட்டார்: "எங்க பெரியம்மாவுக்கும் மாருல கட்டி வந்துதான் போனாங்க. எம் பொண்ணுக்கு இருவத்திரண்டு. அவளுக்கும் பாக்கணுமா?"

அந்தக் கேள்விக்கான விடை 1990 இல் மேரி-கிளேர் கிங் 17 ஆம் குரோமோசோமில் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் தொடங்குகிறது. அது அடுத்த வாரம்.

(தொடரும்)